ஏடிஎச்டி இருந்த பிள்ளை பைலட் ஆகலாமா? வாசகர் கேள்விகள்

விமானிகளின் மருத்துவச் சான்றுக்குத் தேவைப்படும் உளவியல் மதிப்பீடுகளை அமெரிக்காவில் செய்துவரும் தமிழ் நரம்பு உளவியலாளர் ஒருவர் இந்த இதழில் பதில் சொல்கிறார்.

கேள்வி: டல்லாஸ் பக்கம் வசிக்கிறோம். என் மகனுக்கு 17 வயது. மூன்றாம் வகுப்பில் ஆசிரியை சொன்னதால் குழந்தை மருத்துவரிடம் காட்டினோம், ஏடிஎச்டி, அதாவது கவனக்குறைவும் மிகைத் துறுதுறுப்பும் சேர்ந்த கோளாறு என்றார். ரிட்டலின் மாத்திரை கொடுத்தோம். ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம். இப்போது நன்றாகப் படிக்கிறான், பைலட் ஆகியே தீருவேன் என்கிறான். "சின்ன வயசு சமாச்சாரம்தானே, படிவத்தில் எழுதாமல் விட்டுவிடுங்கள், எழுதினால் கதை முடிந்தது" என்கிறார் ஒரு நண்பர். என்ன செய்வது டாக்டர்?
(பெயர் வேண்டாம், டெக்சாஸ்)

பதில்: எழுதத்தான் வேண்டும் சார். மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அமெரிக்க விமானப் போக்குவரத்து நிர்வாகமான எஃப்ஏஏ-வின் மருத்துவப் படிவம், வாழ்நாளில் எப்போதாவது இந்தக் கோளாறு இருப்பதாகச் சொன்னார்களா, இருந்ததா, இப்போது இருக்கிறதா என்று கேட்கிறது. மூன்றாம் வகுப்பும் அந்த வாழ்நாளுக்குள் அடங்கும். தெரிந்தே பொய் சொன்னால் இரண்டரை லட்சம் டாலர் வரை அபராதம், 5 ஆண்டு வரை சிறை என்று அந்தப் படிவமே எச்சரிக்கிறது. சிறைவரை போகாவிட்டாலும், கஷ்டப்பட்டு வாங்கிய உரிமங்கள் மொத்தமும் ரத்தாகலாம். பழைய கதையை யார் தோண்டப்போகிறார்கள் என்று நினைக்காதீர்கள். முன்னாள் படைவீரர் நலத்துறையிடம் உடல், மனக் குறைபாட்டுக்கு உதவித்தொகை வாங்கிக்கொண்டு எஃப்ஏஏ-விடம் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம் என்று சுமார் 4,800 விமானிகள் விசாரிக்கப்பட்ட செய்தி 2023-இல் வெளிவந்தது. இரண்டு துறைகளின் பதிவுகளை ஒப்பிட்டதில் வெளிப்பட்ட விஷயம் அது. அவர்களில் எத்தனையோ பேர் ஏற்கெனவே சம்பளத்துக்கு விமானம் ஓட்டிக்கொண்டிருந்தவர்கள்.

உங்கள் நண்பர் பாசத்தில்தான் சொல்கிறார். ஆனால் கையெழுத்துப் போடப்போவது உங்கள் பையன். ஏர்லைன் கேப்டனுக்கு வேண்டிய முதல் வகுப்பு மருத்துவச் சான்றை 40 வயது வரை ஆண்டுக்கு ஒரு முறை, அதன் பிறகு 6 மாதத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் அதே கேள்வி வரும், அதே பொய்யை அவன் திரும்ப எழுத வேண்டியிருக்கும். பெற்ற பிள்ளைக்கு அந்தச் சுமையை ஏற்றிவிடாதீர்கள். இதை நான் கெஞ்சியே கேட்கிறேன்.

இப்போது நல்ல செய்தி. எழுதினால் கதை முடிவதில்லை. அமெரிக்காவில் 3 முதல் 17 வயது வரை உள்ள பிள்ளைகளில் 11.4 சதவீதம் பேருக்கு, அதாவது சுமார் 70 லட்சம் பேருக்கு, எப்போதாவது ஏடிஎச்டி என்று சொல்லப்பட்டிருக்கிறது. இது 2022-ஆம் ஆண்டுக் கணக்கு. இவர்கள் எல்லோரையும் வாசலிலேயே திருப்பி அனுப்ப எஃப்ஏஏ-வுக்கும் விருப்பமில்லை. 2023-இல் அவர்கள் இரண்டு வழிகள் வகுத்தார்கள். கடந்த 4 ஆண்டுகளில் ஏடிஎச்டி மருந்து எடுக்கவில்லை, அறிகுறி இல்லை, படிப்பிலோ வேலையிலோ பழக்கவழக்கத்திலோ தடுமாற்றம் இல்லை, வேறு மனநலப் பிரச்சினையும் இல்லை என்றால் ஃபாஸ்ட் டிராக். முனைவர் பட்டம் பெற்ற உளவியலாளர் ஒருவர் உங்கள் மகனிடம் பேசி, பதிவுகளைப் படித்து அறிக்கை தருவார். எல்லாம் சரியாக இருந்தால் ஏஎம்ஈ என்று அழைக்கப்படும் விமான மருத்துவப் பரிசோதகரே சான்றைக் கொடுத்துவிடலாம். இந்த நிபந்தனைகளில் ஒன்று இடித்தாலும் ஸ்டாண்டர்ட் டிராக். அது நீளம், செலவும் அதிகம். அதைப் பற்றி அடுத்த பதிலில் சொல்கிறேன்.

உங்கள் விஷயத்தில் எல்லாமே அந்த 4 ஆண்டில்தான் நிற்கிறது. "ஏழாம் வகுப்போடு நிறுத்திவிட்டோம்" என்கிறீர்கள். இப்படிச் சொல்லும் பெற்றோரிடம் நான் முதலில் கேட்பது மருந்துக்கடையின் பழைய பட்டியல். பட்டியலை மேசையில் விரித்தால் பல வீடுகளில் ஒரே மாதிரி நடக்கிறது. மாத்திரை நின்றது ஏழாம் வகுப்பு ஜூன் மாதம் என்று அம்மா உறுதியாகச் சொல்வார். பட்டியலில் எட்டாம் வகுப்பு அக்டோபரில் 30 மாத்திரை வாங்கிய வரி இருக்கும். பையன் தொட்டிருக்கவே மாட்டான், வழக்கம்போல் எழுதித் தந்த சீட்டுக்கு வாங்கிய டப்பா அலமாரியில் கிடந்திருக்கும். ஆனால் காகிதத்தில் இருப்பது அக்டோபர். அதனால் நாளைக்கே மருந்துக்கடையில் கேட்டு அந்தப் பட்டியலை வாங்குங்கள். 4 ஆண்டு முடியச் சில மாதங்கள் குறைந்தால் பொறுத்திருங்கள். 17 வயதுப் பையனுக்குச் சில மாதங்கள் பெரிய நஷ்டம் இல்லை.

அப்புறம் பள்ளிக்கூடக் காகிதங்கள். மதிப்பெண் பட்டியல் மட்டும் போதாது. தேர்வில் கூடுதல் நேரம் தருவதற்கு 504 திட்டம், ஐஈபி என்று பள்ளியில் ஏதாவது சலுகை ஏற்பாடு போட்டிருந்தார்களா, அது எந்த ஆண்டில் முடிந்தது என்பதும் வேண்டும். மருந்தை நிறுத்திய பிறகும் பத்தாம் வகுப்பு வரை 504 ஓடிக்கொண்டிருந்தால், அறிகுறி இல்லை என்ற வாதத்தில் ஓட்டை விழும். குழந்தை மருத்துவரின் முதல் கோப்பையும் கேளுங்கள். ஆசிரியை ஒரு படிவத்தில் டிக் அடித்தார், அம்மா இன்னொன்றில் அடித்தார், ஒரே சந்திப்பில் மருந்துச் சீட்டு என்ற கதையை எத்தனையோ கோப்புகளில் பார்த்திருக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் சிலருக்கு ஏடிஎச்டி இருந்திருக்கவே வாய்ப்பில்லை. அதை நிறுவ உதவுவதும் அதே கோப்புதான்.

பையன் தன் வரலாற்றைத் தானே எழுதித் தர வேண்டியிருக்கும். தயவுசெய்து நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள் சார். அப்பா எழுதியது முதல் பத்தியிலேயே தெரிந்துவிடுகிறது.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. இந்தக் காகிதங்கள் கைக்கு வரும் முன் ஏஎம்ஈயிடம் பரிசோதனைக்குப் போய் உட்காராதீர்கள். எஃப்ஏஏ-வின் மெட்எக்ஸ்பிரஸ் இணையதளத்தில் படிவத்தை நிரப்பினால் ஓர் எண் வரும். அந்த எண்ணை வைத்து அவர் கோப்பைத் திறந்துவிட்டால் சான்று கொடுப்பது, எஃப்ஏஏ முடிவுக்கு அனுப்புவது, மறுப்பது என்று மூன்றில் ஒன்று நடந்தே ஆக வேண்டும், பாதியில் திரும்ப முடியாது. மறுப்பு விழுந்துவிட்டால், ஓட்டுநர் உரிமத்தையே மருத்துவச் சான்றாகக் காட்டி ஓட்டும் ஸ்போர்ட் பைலட் வழியும் அடைபடும். ஆகவே அந்த எண்ணைக் கொடுக்காமல், வெறும் ஆலோசனைக்கு என்று நேரம் வாங்கிப் பேசுங்கள். பல ஏஎம்ஈக்கள் இதற்குச் சம்மதிப்பார்கள்.

இதற்கிடையில் பையன் பறக்கலாம். பயிற்சியாளர் பக்கத்தில் இருக்கும்வரை மருத்துவச் சான்று தேவையில்லை. தனியாக ஓட்டும்போதுதான் கேட்பார்கள். மாதம் ஒரு மணி நேரமாவது அனுப்பிவையுங்கள், காத்திருக்கும் காலம் அவனுக்குக் கசக்காது.

கேள்வி: என் தம்பிக்கு 23 வயது. கல்லூரியில் இரண்டாம் ஆண்டு வரை அட்டரால் என்ற ஏடிஎச்டி மருந்து எடுத்தான். ஸ்டாண்டர்ட் டிராக் என்று சொல்லிவிட்டார்கள். அந்தச் சோதனை எப்படி இருக்கும்? முன்கூட்டியே பயிற்சி எடுக்க முடியுமா?
(வாசகி, நியூ ஜெர்சி)

பதில்: ஹிம்ஸ் என்ற திட்டத்தில் பயிற்சி பெற்ற நரம்பு உளவியலாளரிடம்தான் தம்பி போக வேண்டும். 1970-களில் குடிப்பழக்கத்தில் சிக்கிய விமானிகளை மீட்டு வேலைக்குத் திருப்புவதற்காகத் தொடங்கிய திட்டம் அது. பெயரைப் பார்த்துவிட்டு, குடிக்காதவனை எதற்கு அங்கே அனுப்புகிறார்கள் என்று உங்கள் வீட்டில் யாராவது கோபப்பட்டால் விளக்கிவிடுங்கள். விமானிகளை மதிப்பிடத் தெரிந்தவர்கள் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், அதற்காகத்தான்.

சோதனைக்கு முன் 90 நாள் மருந்து எடுத்திருக்கக் கூடாது. சோதனை முடிந்ததும், அல்லது 24 மணி நேரத்துக்குள், சிறுநீர் மாதிரி எடுப்பார்கள். ஏடிஎச்டி மருந்து உடலில் இருக்கிறதா என்று பார்ப்பதற்கு. எஃப்ஏஏ-விடம் தம்பியின் மருத்துவக் கோப்பு ஏற்கெனவே இருந்தால் அதன் நகலையும் முன்கூட்டியே வாங்கி அனுப்ப வேண்டும். கோப்பு வந்து சேராமல் தேதி தள்ளிப்போவது சர்வசாதாரணம், இதை முதலில் முடியுங்கள்.

முக்கியமான சோதனை காக்ஸ்கிரீன் ஏஈ. கணினியில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். இதில் கேள்விகளை நான் சொல்லக் கூடாது, சொன்னால் சோதனை கெட்டுவிடும். தன்மையை மட்டும் சொல்கிறேன். விமானத்தில் உயரத்தை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டே, கோபுரத்திலிருந்து வரும் அலைவரிசை எண்ணை மனதில் வைத்து, கையால் வேறொன்றைச் சரிசெய்கிறோம் இல்லையா? அந்தத் திறமைகளைத் தனித்தனியாகவும் சேர்த்தும் அளக்கும். விதி ஒன்றைப் பிடித்துக்கொண்டு வேகமாகப் போய்க்கொண்டிருக்கும்போது, சொல்லாமல் விதி மாறும். எத்தனை சீக்கிரம் கவனிக்கிறார் என்று பார்க்கும். மதிப்பெண்ணைச் சாதாரண ஜனங்களோடு ஒப்பிடாமல் விமானிகளோடு ஒப்பிடுவதுதான் இதன் கடினம். பள்ளியில் முதல் மாணவனாக இருந்தவரும் இங்கே நடுவில் நிற்கலாம், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ஏதாவது ஒரு பகுதியில் குறை தெரிந்தால் நீண்ட சோதனைகள் தொடரும்.

கூடவே பேச்சும் உண்டு. வேக அபராதம், கடைசி நாளில் தந்த பாடக்கட்டுரை, வேலை மாறியது எல்லாவற்றையும் கேட்பேன். தம்பி எல்லாவற்றுக்கும் "பிரச்சினையே இல்லை டாக்டர்" என்று சொன்னால் எனக்குச் சந்தேகம் கூடத்தான் செய்யும். ஒரு பரீட்சையில் சறுக்கி, அதற்கு என்ன செய்தான் என்று சொல்லும் பையனைப் பற்றி நல்ல அறிக்கை எழுதுவது எனக்குச் சுலபம்.

பயிற்சி வேண்டாம். காசு வாங்கிக்கொண்டு பழக்கிவிடுகிறோம் என்று யாராவது சொன்னாலும் போகாதீர்கள். முந்தைய இரவு நன்றாகத் தூங்கட்டும், முதல் நாளே வந்து தங்கட்டும், கண்ணாடி போடுபவராக இருந்தால் மறக்காமல் எடுத்துவரட்டும். காலையில் காப்பி குடிக்கும் பழக்கம் இருந்தால் குடிக்கட்டும். காப்பீடு இந்தச் செலவை ஏற்பதில்லை, ஆயிரக்கணக்கான டாலர் கைக்காசு போகும். தேதி வாங்கும்போதே மொத்தம் எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: கோயம்புத்தூரிலிருந்து எழுதுகிறேன் அம்மா. மகன் புளோரிடாவில் விமானப் பயிற்சிக்குச் சேரப்போகிறான். சிறுவயதில் சென்னையில் ஒரு மனநல மருத்துவரிடம் ஏடிஎச்டிக்குக் காட்டினோம். இங்கே நடந்தது அங்கே யாருக்குத் தெரியும்?
(ஒரு தாய்)

பதில்: படிவம் எந்த ஊரில் காட்டினீர்கள் என்று பிரித்துப் பார்ப்பதில்லை அம்மா. தனியாகப் பறக்க அவனுக்கு எஃப்ஏஏ மருத்துவச் சான்று வேண்டும், அதில் அதே வாழ்நாள் கேள்விதான். திரும்பிவந்து இந்தியாவில் வேலை தேடும்போது இந்திய விமானப் போக்குவரத்து இயக்குநரகத்தின் முதல் வகுப்பு மருத்துவமும் தனியாகத் தேவைப்படும். இரண்டு இடத்திலும் ஒரே உண்மையைச் சொல்லிவிட்டால் எதையும் நினைவு வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

பள்ளிக்கு முன்பணம் கட்டுவதற்கு முன் இந்த வேலைகளை முடியுங்கள், அதுதான் எனக்கு முக்கியம். வீட்டை அடமானம் வைத்து லட்சக்கணக்கில் கட்டிவிட்டு, மருத்துவச் சான்றுக்காக அங்கே மாதக்கணக்கில் அறை வாடகை கொடுத்துக் காத்திருக்கும் பிள்ளைகளை நினைத்தால் மனசு தாங்கவில்லை. சென்னை மருத்துவரிடம் பழைய சீட்டுகளின் நகலும், எப்போது தொடங்கி எப்போது மருந்து நின்றது என்று ஆங்கிலத்தில் ஒரு கடிதமும் வாங்கிவைத்துக்கொள்ளுங்கள். பிள்ளை ஊரில் இருக்கும்போதே புளோரிடாவில் ஓர் ஏஎம்ஈக்கு மின்னஞ்சல் போட்டு ஆலோசனை கேட்கலாம்.

கேள்வி: எனக்கு 20 வயது. ஏடிஎச்டிக்கு வைவான்ஸ் எடுத்துக்கொள்கிறேன், அதனால்தான் கல்லூரியில் தாக்குப்பிடிக்கிறேன். பைலட் ஆக ஆசை. மருந்தை நிறுத்திவிடலாமா அக்கா?
(மாணவி, மிச்சிகன்)

பதில்: பைலட் சான்றுக்காக என்று நீயாக நிறுத்தாதே அம்மா. மருந்தோடு பறக்க எஃப்ஏஏ அனுமதிப்பதில்லை. மருந்தின் வேகம் குறையும் நேரத்தில் கவனம் சரியலாம், தூக்கம் கெடலாம், களைப்பு தெரியாமல் மறையலாம் என்பது அவர்களின் கவலை. நள்ளிரவு விமானத்தில் ஒரு வேளை மாத்திரை மறந்தால் என்ன ஆகும் என்று யோசித்துப் பார். அந்தக் கவலை நியாயம்தான் என்றே எனக்கும் தோன்றுகிறது.

எனக்கு ஒப்பாதது வேறு. உதவி தேடிப்போனவர்களுக்கு ஆண்டுக்கணக்கில் காத்திருப்பும் கைநஷ்டமும், தேடாமல் அல்லாடியவர்களுக்கு எந்தக் கேள்வியும் இல்லை. இதனால்தான் விமானிகள் மருத்துவர் பக்கமே போகப் பயப்படுகிறார்கள். அமெரிக்க விபத்து விசாரணை வாரியம் 2023 டிசம்பரில் இதற்காகவே ஒரு கூட்டம் நடத்தியது. எஃப்ஏஏ அமைத்த குழு 2024 ஏப்ரலில் 24 பரிந்துரைகள் கொடுத்தது. ஏடிஎச்டியும் அதில் பேசப்பட்டிருக்கிறது. மாற்றம் நடக்க வேண்டும் என்று நானும் விரும்புகிறேன். ஆனால் இன்றைய விதியை வைத்துத்தான் உனக்குச் சொல்ல முடியும்.

முதலில் மருந்து எழுதித் தருபவரிடம் இந்த ஆசையை மறைக்காமல் சொல். பட்டம் முடித்தபிறகு, உன் மருத்துவர் கண்காணிப்பில், மருந்தில்லாமல் வாழ்க்கை ஓடுகிறதா என்று பார்க்கலாம். ஓடினால் காலம் இருக்கிறது. ஏர்லைன் விமானிக்கான முழு உரிமத்துக்கே 23 வயது ஆக வேண்டும், பலர் முப்பதில் தொடங்குகிறார்கள். ஓடவில்லை என்றால் மருந்து உனக்குத் தேவை, அவ்வளவுதான். விமானங்களின் பாதையைத் திட்டமிட்டு, வானிலையையும் எரிபொருளையும் கணக்கிட்டு, கேப்டனோடு சேர்ந்து பொறுப்பேற்கும் டிஸ்பேச்சர் வேலைக்கு எஃப்ஏஏ மருத்துவச் சான்று கேட்பதில்லை. விமானத்தைப் பழுதுபார்க்கும் மெக்கானிக் உரிமத்துக்கும் கேட்பதில்லை. வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டாளர் வேலைக்கு மட்டும் மருத்துவத் தேர்வு உண்டு, அங்கேயும் இதே தடை வரும் என்பதைத் தெரிந்துவைத்துக்கொள். உன் கல்லூரிக்குப் பக்கத்தில் விமான நிலையம் இருந்தால், ஏர்லைனின் இயக்க அறையில் கோடைப் பயிற்சிக்கு எடுப்பார்களா என்று இந்த ஆண்டே விசாரித்துப் பார்.