வரால், விரால்: எது சரி? இந்த மீன் பெயருக்கு என்ன பொருள்?

கேள்வியைப் பார்த்ததுமே தெரிந்துவிட்டது, யாரோ உங்களைத் திருத்தியிருக்கிறார்கள். நீங்கள் ‘வரால்’ என்று எழுதியிருப்பீர்கள். ‘அது கொச்சை, விரால் என்று எழுது’ என்றிருப்பார்கள். எனக்கு இது ஒன்பதாம் வகுப்பில் நடந்தது.

கோடையில் கண்மாய் வற்றும்போது ஊரே இறங்கி மீன் பிடிப்பதைப் பற்றிக் கட்டுரை எழுதச் சொன்னார்கள். எங்கள் புதுக்கோட்டைப் பக்கம் அதற்கு ஊத்தா என்று ஒரு கூடை உண்டு. கீழே அகலம், மேலே குறுகல், இரண்டு பக்கமும் திறப்பு. முழங்கால் சேற்றில் அதைக் குத்திக் குத்தி நடக்க வேண்டும். உள்ளே மீன் அகப்பட்டால் கூடையில் மோதுவது கைக்குத் தெரியும். உடனே மேல்வாய் வழியாகக் கையை விட்டுத் துழாவ வேண்டும். கெளுத்தி என்றால் முள் ஏறும். வரால் என்றால் எண்ணெய் தடவிய உருட்டுக்கட்டை மாதிரி இருக்கும், இறுக்கினால் நழுவும். அப்பா அதைச் சேற்றோடு சேர்த்து அமுக்கி, செவுளில் விரல் கொடுத்துத் தூக்குவார். இதையெல்லாம் ஆசை ஆசையாக எழுதியிருந்தேன். தமிழாசிரியர் ஏழு இடத்தில் ‘வரால்’ மேல் சிவப்பு மையால் சுழித்து இரண்டு மதிப்பெண் குறைத்தார். அதுகூடப் பரவாயில்லை. வகுப்பில் வாசித்தும் காட்டினார். பள்ளி முடியும்வரை என் பெயர் ‘வராலு’.

பல வருஷம் கழித்துப் புறநானூறு புரட்டும்போது 18ஆம் பாடலில் கண் நின்றது. குடபுலவியனார், பாண்டியன் நெடுஞ்செழியனிடம் நீர்நிலை பெருக்கச் சொல்லிப் பாடியது. ‘உண்டி கொடுத்தோர் உயிர் கொடுத்தோரே’ என்று எல்லோரும் மேற்கோள் காட்டுவார்களே, அதே பாட்டு. அதில் அகழியில் கிடக்கும் மீன்களைச் சொல்லும்போது ‘நுண் ஆரல், பரு வரால்’ என்கிறார். விரால் இல்லை, வரால். புத்தகத்தை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இன்னொன்றும் கவனியுங்கள். பேச்சில் விளக்கு வெளக்கு ஆகும், விலை வெலை ஆகும், விலாங்கு வெலாங்கு ஆகும். அந்தக் கணக்கில் விரால் சிதைந்தால் ‘வெரால்’ என்றல்லவா ஆக வேண்டும்? ‘வரால்’ எப்படி வந்தது? சிதைந்து வரவில்லை, முதலிலிருந்தே அப்படித்தான் இருக்கிறது. மலையாளத்திலும் வரால்தான்.

பொருள் கேட்டிருக்கிறீர்கள். ‘விரல் போல உருண்டு வழுவழுப்பாக இருப்பதால் விரால்’ என்று ஒரு விளக்கம் சுற்றுகிறது. பழைய வடிவம் ‘வ’வில் தொடங்கும்போது அந்த விளக்கம் அங்கேயே விழுந்துவிடுகிறது. எல்லாப் பெயரையும் இப்படி உடைத்துப் பொருள் எடுக்க முடியாது. அதே பாட்டில் வரும் வாளை, வாள் போல நீண்டு தட்டையாக இருக்கிறது, அங்கே பொருள் கண்ணுக்கே தெரிகிறது. அதிலேயே வரும் கெடிறுதான் பிறகு கெளிறாகி இன்று நாம் சொல்லும் கெளுத்தி. வரால் என்றால் வரால்தான். அறிவியல் பெயரில்தான் விளக்கம் இருக்கிறது: சன்னா ஸ்ட்ரையேட்டா. ஸ்ட்ரையேட்டா என்றால் வரிகள் கொண்டது. விலாவில் பட்டை பட்டையாக இருக்கும், பார்த்திருப்பீர்கள்.

‘அப்படியானால் விரால் தவறா’ என்று சண்டைக்கு வருபவர்களுக்கு: நான் அப்படிச் சொல்லவே இல்லை. அகராதியில் இரண்டும் உண்டு, பழமொழியில்கூட விரால் வருகிறது. நான் மொழியியல் படித்தவன் இல்லை, கணக்கு எழுதிப் பிழைப்பவன். பழையதைக் கொச்சை என்று சொல்லாதீர்கள் என்பதுதான் என் வழக்கு.

திருத்துகிறவர்களிடம் எனக்கு வேறொரு கோபமும் உண்டு. ஒரு அட்டையில் என் அப்பா பெயரில் இருந்த ‘ழ’வை எவரோ ‘ள’வாகத் ‘திருத்தி’விட்டார். அவருக்கு அது ஒரு நொடி வேலை. அதை மறுபடி ‘ழ’வாக்க எனக்கு எட்டு மாதம், மூன்று மனு, ஒரு நாள் முழுக்க வரிசை. கேட்டால் ‘உச்சரிப்பு ஒன்றுதானே சார்’ என்கிறார்கள். அவர்கள் வாயில் ஒன்றுதான்.

சரி, உங்களுக்கு மதிப்பெண் போகும் இடமென்றால் விரால் என்றே எழுதிவிடுங்கள். மற்ற இடத்தில் வரால் என்று எழுதுங்கள், கேட்டால் பாட்டு எண்ணைச் சொல்லுங்கள். 18.