பெரியவர்கள் முடித்துவைத்த விஷயம்

அன்புள்ள சார்,

நான் முதுகலை இயற்பியல் இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். குவாண்டம் இயக்கவியல் கணக்குகள் எனக்கு நன்றாக வரும். ஆனால் என்னதான் நடக்கிறது என்று புரியவில்லை. எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக அனுப்பினாலும், ஒரு தகட்டில் உள்ள இரட்டைப் பிளவுக்கு அப்பால் திரையில் அலைகளுக்கு வருவது போலப் பட்டைகள் விழுகின்றன. எந்தப் பிளவு வழியாகப் போனது என்று பார்த்தால் பட்டைகள் மறைந்துவிடுகின்றன. அப்படியென்றால் நாம் பார்ப்பதால்தான் உலகம் இருக்கிறதா? இதை அத்வைதம் அன்றே சொல்லிவிட்டது என்கிறார் என் மாமா. பல உலகங்கள் இருக்கின்றன என்கிறார்கள் நண்பர்கள். பேராசிரியரிடம் கேட்டேன். "அதெல்லாம் பெரியவங்க முடிச்சு வச்ச விஷயம்மா, நீ கணக்கைப் போடு" என்றார். முனைவர் பட்டத்துக்கு இந்த அடிப்படைக் கேள்விகளையே எடுக்கலாமா, இல்லை வேலை கிடைக்கும் துறை எதையாவது பார்க்கட்டுமா?

க.

அன்புள்ள க.,

உங்கள் பேராசிரியர் சொன்ன அந்த ஒரு வரிக்காகத்தான் பதில் எழுதுகிறேன். சில வாரங்களாக என் மனதில் கிடப்பதும் அதுதான்.

அதற்கு முன் மாமா சொன்னதை முடித்துவிடலாம். "பார்ப்பது" என்ற சொல்லால் வந்த குழப்பம் அது. வியன்னாவில் 2004-ல் ஒரு சோதனை செய்தார்கள். 70 கார்பன் அணுக்கள் சேர்ந்த மூலக்கூறுகளை நுண்ணிய கீற்றுகள் வழியாக அனுப்பினால் அவையும் பட்டைகளைத் தரும். அந்த மூலக்கூறுகளை லேசரால் சூடாக்கினார்கள். சூடான மூலக்கூறு வழியிலேயே ஒளியை உமிழும். தான் எங்கே இருந்தது என்ற தடயத்தை அந்த ஒளி எடுத்துக்கொண்டு போய்விடும். சூடு ஏற ஏறப் பட்டைகள் மங்கின. அந்த ஒளியை யாரும் பிடித்துப் பார்க்கவில்லை. எந்த மனமும் அதில் தலையிடவில்லை. கணக்கு நன்றாக வரும் என்கிறீர்களே, எலக்ட்ரானோடு கருவியையும் சேர்த்து ஒருமுறையாவது எழுதிப் பார்த்தீர்களா? பார்த்திருந்தால் மாமாவுக்கு நீங்களே பதில் சொல்லியிருப்பீர்கள். இயற்பியல் படிக்கிற பெண் இதில் வாயை மூடிக்கொண்டு இருந்தது எனக்குக் கோபம்தான். அத்வைதம் பெரிய தத்துவம். அது நிற்பதற்கு எலக்ட்ரான் சாட்சி சொல்லத் தேவையில்லை.

பட்டைகள் மங்குவது புரிந்துவிட்டால் எல்லாம் புரிந்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. இத்தனை சாத்தியங்களில் ஒரு புள்ளி மட்டும் ஏன் திரையில் விழுகிறது என்பது அப்படியே நிற்கிறது. உண்மையான கேள்வி அதுதான். பல உலகங்கள் பற்றி இன்னொரு நாள். அந்தக் கருத்தை முன்வைத்த எவரெட் 1957-ல் எழுதியதைப் படித்துவிட்டு வாருங்கள், பேசுவோம்.

இப்போது அந்த வரிக்கு வருகிறேன். இளங்கலையில் எனக்கும் இதே பதில்தான் கிடைத்தது. எலக்ட்ரானுக்குள் நமக்குத் தெரியாத ஏதோ ஒன்று இருந்து, அதுதான் அது எங்கே விழும் என்று முடிவு செய்கிறதோ என்று வகுப்பில் எழுந்து கேட்டேன். "அப்படி எதுவும் இருக்க முடியாதுன்னு வான் நியூமன் நிரூபிச்சிட்டார், உக்காரு" என்றார் ஆசிரியர். உட்கார்ந்தேன். நல்ல மனிதர் அவர். ஒரு பருவம் என் தேர்வுக் கட்டணத்தைத் தன் கையிலிருந்து கட்டியவர். பல வருடங்கள் கழித்து ஒரு திருமண வீட்டில் பேசிக்கொண்டிருந்தபோது, அந்த நிரூபணத்தைத் தானும் படித்ததில்லை என்றார். அவருடைய ஆசிரியர் அவருக்குச் சொன்னாராம். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

வான் நியூமனின் புத்தகம் வந்தது 1932-ல். அந்தக் காலத்தின் மிகப் பெரிய கணித மேதைகளில் ஒருவர். அவர் சொன்னதால் கதவு மூடிவிட்டது என்று உலகம் எடுத்துக்கொண்டது. மூன்றே வருடத்தில், 1935-ல், கிரேட்டே ஹெர்மன் என்ற பெண் அதில் ஓட்டை இருப்பதைக் காட்டினார். பிரெமன் நகரத்துக்காரர். கோட்டிங்கனில் எம்மி நோதரிடம் கணிதத்தில் முனைவர் பட்டம் வாங்கிவிட்டுத் தத்துவத்துக்குப் போனவர். காரணம் இல்லாமல் எதுவும் நடக்காது என்பதில் உறுதியாக இருந்ததால், குவாண்டம் இயக்கவியலை உருவாக்கியவர்களில் ஒருவரான ஹைசன்பர்க்குடன் நேரில் வாதாட லைப்சிக் போனார்.

அந்த ஓட்டை என்ன என்பதைக் கொஞ்சம் பொறுமையாகப் பாருங்கள். நீங்கள் போடக்கூடிய கணக்குதான். எலக்ட்ரானுக்கு ஸ்பின் என்று, சுழற்சி போன்ற ஓர் உள்ளார்ந்த குணம் உண்டு. அதைக் கிழக்குத் திசையில் அளந்தால் விடை +1 அல்லது −1. வடக்கில் அளந்தாலும் அப்படியே. வடகிழக்கில் அளந்தாலும் அதே +1 அல்லது −1 தான். நிறைய எலக்ட்ரான்களை அளந்து சராசரி எடுத்தால், வடகிழக்கின் சராசரி என்பது கிழக்கு, வடக்கு இரண்டின் சராசரிகளையும் கூட்டி 1.414-ஆல் வகுத்ததற்குச் சமம். குவாண்டம் விதி அது, அதில் சந்தேகம் இல்லை. தெரியாத அந்த ஏதோ ஒன்று ஒவ்வொரு எலக்ட்ரானுக்கும் தனித்தனியாக விடையை முடிவு செய்கிறது என்று வைத்துக்கொண்டாலும், அந்தத் தனித்தனி விடைகளும் இதே மாதிரி கூட வேண்டும் என்று வான் நியூமன் எடுத்துக்கொண்டார். கூட்டிப் பாருங்கள். ஒன்றும் ஒன்றும் இரண்டு, 1.414-ஆல் வகுத்தால் 1.414. ஒன்றும் கழித்தல் ஒன்றும் பூச்சியம். வடகிழக்கில் வர வேண்டியதோ +1 அல்லது −1. எப்படிக் கூட்டினாலும் வராது. ஆக அந்தச் சாத்தியம் நிரூபணத்தின் கடைசி வரியில் விழவில்லை. முதல் வரியிலேயே விலக்கப்பட்டிருந்தது. சராசரிக்குப் பொருந்துவது ஒவ்வொன்றுக்கும் ஏன் பொருந்த வேண்டும்? ஹெர்மன் கேட்டது இவ்வளவுதான்.

யாரும் கவனிக்கவில்லை. கட்டுரை வந்தது ஒரு தத்துவ இதழில். அவர் ஹிட்லரை எதிர்த்து வேலை செய்தவர், நாட்டை விட்டே போக வேண்டியிருந்தது. டேவிட் போம் 1952-ல், முடியாது என்று சொல்லப்பட்டதைச் செய்தே காட்டினார். எலக்ட்ரானுக்கு எப்போதும் ஓர் இடம் உண்டு, அதை ஓர் அலை வழிநடத்துகிறது என்று. அதற்கும் பெரிய வரவேற்பு இல்லை. அதே ஓட்டையைப் பெல்ஃபாஸ்டில் பிறந்த ஜான் பெல் தானாகக் கண்டுபிடித்து எழுதியது 1966-ல்தான் அச்சாயிற்று. முப்பத்தொரு வருடம், அம்மா! எத்தனை வகுப்பறைகளில் எத்தனை பேரை "உக்காரு" என்று சொல்லியிருப்பார்கள்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். எலக்ட்ரானுக்குள் இருக்கலாம் என்று நான் கேட்ட அந்தத் தெரியாத ஏதோ ஒன்றுக்கு மறைந்த மாறிகள் என்று பெயர். ஓட்டையைக் காட்டிய ஹெர்மன் அவற்றின் பக்கம் சாயவில்லை. தான் விரும்பியது என்ன என்பதையும் நிரூபணம் சரியா என்பதையும் அவர் கலக்கவே இல்லை. அந்த நேர்மையை நினைத்தால் எனக்கு நெஞ்சு நெகிழ்ந்துவிடுகிறது.

பெல் அங்கே நிற்கவில்லை. மறைந்த மாறிகள் இருந்து, அவற்றின் தாக்கம் ஓரிடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு உடனடியாகத் தாவாததாகவும் இருந்தால், தொலைவில் உள்ள இரண்டு துகள்களின் விடைகள் ஓர் எல்லைக்கு மேல் ஒத்துப்போக முடியாது என்று 1964-ல் காட்டினார். அந்த ஒத்துப்போதலை அளக்கும் ஓர் எண்ணுக்கு எல்லை 2 என்றால், குவாண்டம் கணக்கில் அது 2.83 வரை போகும். ஃப்ரீட்மனும் கிளாசரும் 1972-ல் பெர்க்லியில் அளந்தபோது எல்லை உடைந்தது. 1982-ல் ஆஸ்பே இன்னும் இறுக்கமாகச் செய்தார். கிளாசர், ஆஸ்பே, சைலிங்கர் மூவருக்கும் 2022-ல் நோபல் பரிசு வந்தது. பெரியவர்கள் முடித்துவைத்த விஷயத்திலிருந்துதான் இத்தனையும்.

முனைவர் பட்டம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். பெல் சம்பளம் வாங்கியது ஜெனீவாவில் உள்ள செர்ன் என்ற துகள் ஆய்வகத்தில், துகள் இயற்பியலுக்கும் முடுக்கி வடிவமைப்புக்கும். இந்த வேலையை விடுப்பில் இருந்தபோது எழுதினார். உங்களுக்கு அது வழியா என்று இப்போது சொல்ல எனக்கு மனமில்லை. முதலில் அந்தக் கிழக்கு, வடக்குக் கணக்கை ஒரு தாளில் முழுதாகப் போடுங்கள். போட்டுவிட்டுப் பேராசிரியரிடம் கொண்டுபோய் மரியாதையாகக் காட்டுங்கள். அவர் என்ன சொன்னார் என்று எனக்கு எழுதுங்கள்.