கேள்வி பதில்: ஓடுபாதை இல்லாத பள்ளத்தாக்கிலிருந்து மூவரைத் தூக்கிய கதை

1945 மே 13. நியூகினியின் ஹாலாண்டியாவிலிருந்து (இன்றைய ஜெயபுரா) 24 பேருடன் பாலியம் பள்ளத்தாக்கைச் சுற்றிப் பார்க்கப் போன அமெரிக்க ராணுவ சி-47 போக்குவரத்து விமானம் மலையில் மோதியது. கடைசியில் மிஞ்சியவர்கள் மார்கரெட் ஹேஸ்டிங்ஸ், ஜான் மெக்காலம், கென்னத் டெக்கர் மூவரே. ஜூன் 28-ல் கிளைடரில் ஏற்றி, பறக்கும் விமானத்தால் தூக்கி மீட்கப்பட்டார்கள். கேளுங்கள்.

கே: அந்தக் காட்டில் எப்படிக் கண்ணில் பட்டார்கள்?
மரக்கூரைக்கு அடியில் நின்று எவ்வளவு கையசைத்தாலும் மேலே தெரியாது. மூவரும் ஓடை வழியே இறங்கி, மலைவாசிகள் திருத்திய தோட்டவெளிக்கு வந்தார்கள். விமானத்தின் உயிர்காப்புப் படகிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் தார்ப்பாயை அங்கே விரித்தார்கள். தேடுதல் விமானம் கண்டது அதைத்தான்.

கே: காயத்துக்கு மருந்து?
பிலிப்பினோ-அமெரிக்க மருத்துவ வீரர்கள் இருவர் முதலில் பாராசூட்டில் குதித்தார்கள். ஹேஸ்டிங்ஸின் காலிலும் டெக்கரின் உடம்பிலும் தீப்புண் அழுகத் தொடங்கியிருந்தது. செத்த சதையை அகற்றி, சல்ஃபா என்ற கிருமிகொல்லிப் பொடி தூவி, காயக் கட்டுகளை அடிக்கடி மாற்றினார்கள். கால்கள் பிழைத்தது அதனால்தான். நடக்கிற நிலை வந்த பிறகே பள்ளத்தாக்கு முகாமுக்குக் கூட்டிப் போனார்கள்.

கே: இன்ஜினே இல்லாத கிளைடர் தரையிலிருந்து எப்படி எழும்பும்?
இதற்குத்தான் காத்திருந்தேன். அங்கே பயன்பட்ட கிளைடர் வாக்கோ சிஜி-4ஏ என்பது இரும்புக்குழாய்ச் சட்டம், மரச் சிறகு, மேலே துணி. அதன் மூக்கில் நைலான் கயிறு. கயிற்றின் மறுமுனை பெரிய வளையமாக, சுமார் 12 அடி உயரமுள்ள இரு கம்பங்களின் மேல் தொங்கும். சி-47 தாழப் பறந்து வந்து, வயிற்றுக்கடியில் நீட்டிய கொக்கியால் வளையத்தைக் கவ்வும்.

கயிறு நேராக விமானத்தோடு கட்டியிருந்தால் அறுந்திருக்கும், இல்லையென்றால் கிளைடரின் மூக்கு பிய்ந்திருக்கும். அதனால் விமானத்துக்குள் விஞ்ச், அதாவது கேபிளைச் சுற்றி வைக்கும் டிரம் இயந்திரம். அதில் சுமார் 1000 அடி எஃகுக் கேபிள். கவ்வியதும் டிரம் கேபிளை விட்டுக்கொடுக்கும், பிரேக் மெல்ல இறுக்கும், நைலானும் நீளும். மூன்றும் சேர்ந்துதான் அந்தத் திடீர் இழுப்பின் அதிர்ச்சியை வாங்கிக்கொள்கின்றன. பிரேக் முந்தினால் கயிறு போச்சு. பிந்தினால் எதிரே மரம்.

உண்மையில் அன்று கிளைடர் மரநுனிகளை உரசியது. தரையில் கிடந்த சரக்குப் பாராசூட் ஒன்று சக்கரத்தில் சிக்கி, அடித்துணியைக் கிழித்துக்கொண்டே கூட வந்தது. உள்ளே மூவருடன் இரண்டு பாராசூட் வீரர்கள்.

கே: ஹெலிகாப்டர் அனுப்பியிருக்கலாமே?
பள்ளத்தாக்கின் தரையே சுமார் 5000 அடி உயரத்தில். சுற்றிலும் 10,000 அடி தாண்டிய மலைகள். அன்றைய ஹெலிகாப்டரால் ஏற முடியாது.

கே: தவறு. 1944 ஏப்ரலிலேயே பர்மாவில் ஹெலிகாப்டர் நால்வரை மீட்டது.
மீட்டது, மறுக்கவில்லை. சிகோர்ஸ்கி ஒய்ஆர்-4பி. எத்தனை நடையில் என்று பார்த்தீர்களா? ஒரு நடைக்கு ஒருவர். வெப்பக் காற்றில் அதற்கே மூச்சு வாங்கியது. உயரம் கூடக் கூடக் காற்று அடர்த்தி குறையும்; சுழலியின் தூக்குவிசையும் இன்ஜின் சக்தியும் சேர்ந்தே இறங்கும். பர்மாவை இங்கே ஒட்டவைக்க முடியாது.

கே: அப்படியானால் நடந்தே வந்திருக்கலாமே?
நூறு மைலுக்கு மேல் மலையும் சதுப்பும், நடுவில் சிதறிக் கிடந்த ஜப்பானியப் படைகள், புண் ஆறாத கால்கள்.

கே: கற்கால மனிதர்களை உலகம் அன்றுதான் கண்டுபிடித்ததாமே?
இந்தச் சொல்லை விடுங்கள் என்று எத்தனை முறை சொல்வது! 1938-லேயே அமெரிக்க ஆய்வுப் பயணி ஆர்ச்போல்டின் குழு அங்கே வந்து போயிற்று. வாய்க்கால் வெட்டி சர்க்கரைவள்ளி பயிரிடும் டானி மக்கள் அங்கேதான் இருந்தார்கள். பள்ளத்தாக்குக்கு ‘ஷாங்ரி-லா’ (ஒரு நாவலில் வரும் கற்பனைச் சொர்க்கம்) என்பது பத்திரிகைக்காரர்கள் ஒட்டிய பெயர்.

கே: 2023-ல் கொலம்பியக் காட்டில் 40 நாள் தாக்குப்பிடித்த நான்கு குழந்தைகள்?
அங்கே கண்டுபிடிப்பதே சிக்கல். இங்கே வெளியே எடுப்பது. தனி இழை தொடங்குங்கள்.

கே: சார், ஹெலிகாப்டர் ஏன் அனுப்பவில்லை?
மேலே இரண்டு பதில் இருக்கிறது.

கே: காப்பாற்றப் போனவர்கள் எப்படித் திரும்பினார்கள்?
அதே முறைதான். மொத்தம் மூன்று தூக்கல்கள். பாராசூட் வீரர்களின் தலைவர் கேப்டன் வால்டர் கடைசி நடையில் வந்தார்.