மருத்துவ ஆய்விதழ்களில் நோயாளிகளுக்கு என்ன வேலை?

மருத்துவ இதழுக்கு வரும் ஆய்வுக் கட்டுரையை வெளியிடும் முன், அந்தத் துறை வல்லுநர்கள் படித்துக் குறை நிறை சொல்வார்கள். அந்த வேலையில் அதே நோயோடு வாழ்பவரையும் சேர்த்துக்கொள்வதுதான் நோயாளி பங்கேற்பு. பிரிட்டனின் பிஎம்ஜே இதழ் இதை 2014-இல் தொடங்கியது.

எதற்கு? மருத்துவர் நோயாளியைப் பார்ப்பது சில நிமிடங்கள். மீதி நேரமெல்லாம் நோயோடு இருப்பவர் அவர்தான். ஒரு மருந்து ரத்த அழுத்தத்தைக் குறைத்தது என்று கட்டுரை சொல்லும். “சரி, ஆனால் எழுந்து நின்றாலே தலை சுற்றுகிறதே, வேலைக்கு எப்படிப் போவது?” என்று அவர் கேட்பார். யாரும் அளக்காமல் விட்டது அங்கேதான் வெளியே வரும். வீட்டுக்கு வரைபடம் போட்டவர் பொறியாளர்தான். மழையில் எந்த மூலை ஒழுகுகிறது என்று குடியிருப்பவரைத்தானே கேட்க வேண்டும்?

சிகிச்சைப் பாதுகாப்பிலும் இப்படித்தான். வழக்கமான மாத்திரையின் நிறம் மாறியிருப்பதைப் பல நேரங்களில் முதலில் கவனிப்பவர் நோயாளியோ உடனிருப்பவரோதான். 2023-இல் உலக நோயாளி பாதுகாப்பு நாளுக்கு உலக சுகாதார நிறுவனம் நோயாளிகளின் பங்கேற்பையே கருப்பொருளாக வைத்தது மிகச் சரியான முடிவு.

நோயாளியே கட்டுரைக்குத் தீர்ப்புச் சொல்கிறார் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படியில்லை, புள்ளிவிவரத்தை நிபுணர் பார்ப்பார், வெளியிடுவதா வேண்டாமா என்பதை ஆசிரியர் குழுதான் முடிவு செய்யும்.