எளிமையான மென்பொருள் எழுதுவது ஏன் கஷ்டம்? கேள்வி பதில்

கேள்வி: எளிமையாக டிசைன் பண்ணு என்று எல்லாரும் சொல்கிறார்கள். உருப்படியான உதாரணம் ஒன்று காட்டுங்களேன்.

பதில்: எஸ்க்யூலைட் (SQLite) என்கிற, தகவல்களைச் சேமித்து வைக்கும் டேட்டாபேஸ் மென்பொருளைப் பாருங்கள். அதை உருவாக்கிய ரிச்சர்ட் ஹிப் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கான ஒரு மென்பொருளில் வேலை செய்தபோது, டேட்டாபேஸ் சர்வர் படுத்துவிட்டால் அவருடைய புரோகிராமும் கூடவே படுத்துவிடும். சர்வரே இல்லாமல் நேராக டிஸ்கில் இருக்கிற ஃபைலைப் படித்தால் என்ன என்று அவர் யோசித்ததில்தான் 2000-ல் அது பிறந்தது. தனி சர்வர் இல்லை, பாஸ்வேர்டு இல்லை, நெட்வொர்க்கில் இணைய ஒரு போர்ட் இல்லை, மொத்த டேட்டாபேஸும் ஒரே ஃபைல். ஆண்ட்ராய்டு, ஐஃபோன் எதை எடுத்தாலும் உள்ளே இது இருக்கிறது.

கேள்வி: அப்போ உள்ளே இருக்கிற புரோகிராம் கோடும் சின்னதாகத்தான் இருக்குமா?

பதில்: இல்லை, இங்கேதான் பலரும் ஏமாந்து போகிறார்கள். சி மொழியில் எழுதிய அதன் கோட் ஒரு லட்சம் வரிக்கு மேல், அதைச் சோதிக்க எழுதிய கோட் அதைப்போலப் பல நூறு மடங்கு. எழுதிக்கொண்டிருக்கும்போதே கரண்ட் போனால், டிஸ்க் நிரம்பினால், மெமரி கேட்டுக் கிடைக்காவிட்டால் என்று ஒவ்வொன்றையும் வேண்டுமென்றே உண்டாக்கிப் பார்க்கிறார்கள். நமக்கு எளிதாக இருக்கிறதென்றால் அந்தப் பாட்டை வேறு யாரோ பட்டிருக்கிறார்கள். அந்த உழைப்பு வெளியே தெரியாததால்தான் மேனேஜர்களிடம் இதற்கு நேரம் வாங்குவது அவ்வளவு சிரமம்.

கேள்வி: இப்படி எளிமையாக்கினால் வசதி குறைந்துபோகுமே?

பதில்: குறையும். எஸ்க்யூலைட்டில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் எழுத முடியும். நிறையப் பேர் ஒரே சமயம் எழுத வேண்டுமென்றால் போஸ்ட்கிரெஸ் மாதிரி சர்வரோடு வரும் டேட்டாபேஸ் ஒன்றுக்குப் போங்கள் என்று எஸ்க்யூலைட்காரர்களே சொல்கிறார்கள். எனக்கு அதில் ரொம்பப் பிடித்தது இதுதான், எதைச் செய்ய மாட்டோம் என்பதை வெளிப்படையாகச் சொல்லிவிடுவது.

கேள்வி: எங்கள் டீமில் பேமென்டுக்கு ஒரு இன்டர்ஃபேஸ் (எந்த கேட்வேயையும் ஒரே மாதிரி அழைக்க ஒரு பொது வடிவம்), அதற்கு ஒரு ஃபேக்டரி (எந்த கேட்வே வேண்டுமோ அதை உருவாக்கித் தரும் கோட்), அதற்கு ஒரு கான்ஃபிக் ஃபைல் (எதை உருவாக்குவது என்று சொல்லும் அமைப்பு), ஆனால் பின்னால் இருப்பது ஒரே ஒரு கேட்வே, அதாவது பணப் பரிமாற்றத்தை நடத்தித் தரும் சேவை. நாளைக்கு இன்னொன்று வந்தால் உதவும் என்கிறார் சீனியர். சரியா?

பதில்: நாளைக்கு வரப்போகிற கேட்வே எப்படி இருக்கும் என்று இன்று யாருக்கும் தெரியாது. ரீஃபண்டை அது வேறு விதமாகக் கையாண்டால் இந்த இன்டர்ஃபேஸையே மாற்ற வேண்டியிருக்கும், அதுவரை ஒவ்வொரு பிழையையும் மூன்று ஃபைல் தாண்டித் தேடுவீர்கள். ஃபேக்டரியையும் கான்ஃபிக்கையும் எடுத்துவிடுங்கள், கேட்வேயை அழைக்கிற கோடை மட்டும் ஒரே ஃபைலில் வையுங்கள், இரண்டாவது கேட்வே நிஜமாகவே வந்தால் மாற்ற வேண்டிய இடம் அந்த ஒன்றுதான். சீனியரிடம் இதை வாயால் சொல்லாமல், நீக்கிய வரிகளோடு ஒரு புல் ரிக்வெஸ்டாக (pull request, கோட் மாற்றத்தைப் பார்த்துச் சேர்க்கச் சொல்லும் கோரிக்கை) காட்டுங்கள்.