‘நெகடிவாப் பேசாதே’

வணக்கம் சார்,

என் அக்காவுக்கு மார்பகப் புற்றுநோய். கீமோ நடந்துகொண்டிருக்கிறது. யூடியூபில் ஒரு பேச்சாளர், நேர்மறையாக நினைத்தால் உடம்பே நோயைக் குணப்படுத்திக்கொள்ளும் என்கிறார். அதைக் கேட்டதிலிருந்து வீட்டில் யாரும் அழக்கூடாது என்று சட்டம். அக்கா “பயமா இருக்குடி” என்றால்கூட, “நெகடிவாப் பேசாதே” என்று அம்மா வாயை அடைத்துவிடுகிறார். மனசுக்கு உண்மையிலேயே அவ்வளவு சக்தி இருக்கிறதா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தங்கைக்கு,

புற்றுநோயைக் குணமாக்கும் அளவுக்கு இல்லை. 1989-இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மனநல மருத்துவர் டேவிட் ஸ்பீகல் ஓர் ஆய்வை வெளியிட்டார். நோய் உடம்பெங்கும் பரவிவிட்ட பெண்களை வாராவாரம் கூடிப் பேசவைத்ததில், அவர்கள் மற்றவர்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு காலம் வாழ்ந்ததாக அதில் இருந்தது. மேடைப் பேச்சாளர்களுக்கு நல்ல தீனி. அப்புறம் கனடாவில் 235 பெண்களிடம் அதே முறையைச் சோதித்தார்கள். 2001-இல் வந்த முடிவுப்படி ஆயுள் கூடவில்லை. ஆனால் மன உளைச்சலும் வலியும் தணிந்திருந்தன, முக்கியமாக ஆரம்பத்திலேயே ரொம்பத் தவித்தவர்களுக்கு.

அந்தக் கூட்டங்களில் யாரும் யாரையும் சிரிக்கச் சொல்லவில்லை. பயத்தைப் பற்றியும் சாவைப் பற்றியும் வாய்விட்டுப் பேசினார்கள். உங்கள் வீட்டில் தடை போட்டிருப்பது அதற்குத்தான்.

சரி, நம்பிக்கையே வீணா என்றால், அப்படியும் இல்லை. ‘இந்தக் கீமோவையும் தாங்கிடுவேன்’ என்று நினைக்கிறவர் எழுந்து குளிப்பார், வாய்க்குப் பிடிக்காவிட்டாலும் இரண்டு இட்லி சாப்பிடுவார், தேதி தவறாமல் ஆஸ்பத்திரிக்குப் போவார். பாதியில் சிகிச்சையை விட்டுவிடாமல் இருப்பது பெரிய விஷயம்.

அந்தப் பேச்சாளர் மீது எனக்குக் கோபம் வருவது வேறொன்றுக்காக. நினைப்பால் குணமாகும் என்றால், குணமாகாதபோது பழி யார் தலையில்? அடுத்த ஸ்கேன் சரியில்லை என்று வந்தால், ‘நான்தான் ஒழுங்காக நினைக்கவில்லை’ என்று உங்கள் அக்கா தன்னையே நொந்துகொள்வார். (பேச்சாளர் அதற்குள் அடுத்த வீடியோவுக்குப் போயிருப்பார்.)

இன்னொன்று, இது அவசரம். கீமோவின்போது, கிருமிகளோடு போராடும் வெள்ளணுக்கள் குறைந்துவிடும். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், நடு ராத்திரியானாலும் உடனே ஆஸ்பத்திரிக்குத் தெரிவிக்க வேண்டும். கஷ்டத்தைச் சொன்னாலே நெகடிவ் என்கிற வீட்டில் அவர் காய்ச்சலையும் மறைத்துவிடலாம். அம்மாவிடம் ஆராய்ச்சியெல்லாம் பேசிக்கொண்டிருக்க வேண்டாம். ஒரு தெர்மாமீட்டர் வாங்கிக் கொடுத்து, இந்த 100.4-ஐ மட்டும் சொல்லிவிடுங்கள்.