படம் சோனிக்கு, பொம்மை டிஸ்னிக்கு: ஸ்பைடர்மேன் உரிமை பற்றிய கேள்வி பதில்

போன வாரம் ஸ்பைடர்மேன் உரிமைச் சண்டை பற்றிப் பேச்சு வந்தபோது, "சந்தேகம் இருந்தால் கேளுங்கள்" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டேன். வந்து குவிந்துவிட்டன. இருபது வருடமாக லைசென்ஸ் ஒப்பந்தங்களைப் படித்துத்தான் என் பிழைப்பு ஓடுகிறது, காமிக்ஸ் பைத்தியம் அதற்கும் முன்னால் பிடித்தது. ஒரே மாதிரியான கேள்விகளைச் சேர்த்துவிட்டு மற்றவற்றுக்குப் பதில் சொல்கிறேன்.

ரமேஷ், திருப்பூர்: சுத்தி வளைக்காம சொல்லுங்க சார். ஸ்பைடர்மேன் சோனியோடதா, டிஸ்னியோடதா?

மார்வெலுடையது. அந்த மார்வெல் 2009 கடைசியிலிருந்து டிஸ்னியுடையது. சோனி வைத்திருப்பது படமெடுக்கும் குத்தகை மட்டும். புளியந்தோப்பைக் குத்தகைக்கு விடுவார்களே, அது மாதிரி. மண் ஒருவருடையது, காய் உலுக்கும் உரிமை இன்னொருவருடையது.

ஒரே வித்தியாசம், இந்தக் குத்தகைக்கு முடிவு தேதி கிடையாது. காய் உலுக்கிக்கொண்டே இருக்க வேண்டும், அவ்வளவுதான். 2011இல் திருத்தி எழுதப்பட்ட ஒப்பந்தம் பிற்பாடு வெளியே கசிந்தது. அதன்படி ஒரு படம் வந்து 3 வருடம் 9 மாதத்துக்குள் அடுத்ததன் தயாரிப்பைத் தொடங்க வேண்டும், 5 வருடம் 9 மாதத்துக்குள் ரிலீஸ் செய்ய வேண்டும். தவறினால் உரிமை மார்வெலுக்கே திரும்பிவிடும். 2010 ஜனவரியில், முதல் மூன்று படங்களை இயக்கிய சாம் ரைமியின் நான்காவது படம் நின்றுபோனதும், சோனி மூச்சு விடாமல் புது நடிகரை வைத்து முதலிலிருந்து கதை சொல்லக் கிளம்பியதற்குக் கலை மட்டும் காரணமில்லை என்பது என் எண்ணம். இதெல்லாம் காலண்டரைப் பார்த்துப் படமெடுக்கும் தொழில்.

கவிதா, மதுரை: இவ்வளவு பெரிய ஹீரோவை மார்வெல் ஏன் வெளியே கொடுத்தது? சோனி கைக்கு எப்படிப் போச்சு?

இதுதான் எனக்குப் பிடித்த பகுதி, கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

1985இல் மார்வெலுக்கு ஸ்பைடர்மேன் ஒரு காமிக்ஸ் புத்தகம், அவ்வளவுதான். கேனன் என்ற மலிவுப் படக் கம்பெனிக்கு 2,25,000 டாலருக்கும் வருமானத்தில் ஒரு சிறு பங்குக்கும் ஐந்து வருட உரிமையைக் கொடுத்தார்கள். கேனன் முதலாளிகளான மெனாகெம் கோலனும் யோரம் குளோபஸும் இவனை ஓநாய் மனிதன் மாதிரி ஒரு பயங்கர ஜந்து என்று நினைத்துவிட்டார்கள். முதலில் எழுதி வாங்கிய கதையில் கதாநாயகன் எட்டுக் கால் சிலந்தியாகவே மாறிவிடுகிறான்!

கேனன் நொடித்தது. கோலன் தனியே போய் 21ஆம் செஞ்சுரி என்ற கம்பெனியை எடுத்து நடத்தினார், ஸ்பைடர்மேனையும் கையோடு கொண்டுபோனார். கையில் காசில்லை. டிவி உரிமையை வயகாம் என்ற கம்பெனிக்கு விற்றார். வீடியோ கேசட் உரிமையைக் கொலம்பியாவுக்கு, அதாவது இன்றைய சோனிக்கு விற்றார். தியேட்டர் உரிமையைக் கரோல்கோ என்ற படக் கம்பெனிக்கு 50 லட்சம் டாலருக்குக் கொடுத்தார். கரோல்கோ ஜேம்ஸ் கேமரூனைக் கதை எழுத வைத்தது. பிறகு கோலனுக்குத் தயாரிப்பாளர் பெயர் போட மாட்டோம் என்றார்கள், அவர் வழக்குப் போட்டார். கரோல்கோ வயகாம் மேலும் கொலம்பியா மேலும் வழக்குப் போட்டது. அப்புறம் கரோல்கோ திவால், 21ஆம் செஞ்சுரி திவால், 1996 டிசம்பரில் மார்வெலே திவால். பாகப்பிரிவினை முடிவதற்குள் பங்காளிகள் எல்லோருமே ஓட்டாண்டி.

மார்வெல் சோனியோடு புதிதாக உரிமை பேசியபோது (அந்தப் பேரம் அடுத்த பதிலில்), மிச்சமிருந்த பழைய பத்திரங்களை வைத்துக்கொண்டு ஹாலிவுட் ஸ்டூடியோவான எம்ஜிஎம் "எங்களுக்கும் உரிமை உண்டு" என்றது. அதே சமயம் எம்ஜிஎம்மின் தங்க முட்டையான ஜேம்ஸ் பாண்டைத் தானும் எடுக்கப்போவதாகச் சோனி மிரட்டிக்கொண்டிருந்தது. 1999 மார்ச்சில் இரண்டு பேரும் சமரசத்துக்கு வந்தார்கள். பாண்ட் மேல் உள்ள உரிமைகோரலைச் சோனி விட்டது, ஸ்பைடர்மேன் மேல் உள்ளதை எம்ஜிஎம் விட்டது. அதன் பிறகுதான் வழி சுத்தமானது. 2002 மே மாதம் படம் வந்தது, அமெரிக்காவில் முதல் மூன்று நாளில் 11 கோடி டாலருக்கு மேல் வசூல். ஒரே வாரக்கடைசியில் 10 கோடியைத் தாண்டிய முதல் படம் அது.

அஷ்ரஃப், காயல்பட்டினம்: மார்வெல் எல்லா ஹீரோவையும் சேர்த்துத் தரேன்னு சொல்லியும் சோனி வேண்டாம்னு சொன்னதாமே, நிஜமா?

நிஜம்தான். 1998இல் நடந்த பேச்சுவார்த்தை. வேறு யாருக்கும் போகாமல் மிச்சமிருந்த ஏறத்தாழ எல்லாப் பாத்திரங்களையும் 2.5 கோடி டாலருக்குத் தருவதாக மார்வெல் பக்கம் சொன்னது. ஸ்பைடர்மேனைத் தவிர மற்றதை யார் பார்ப்பார்கள் என்று சோனி மேலிடம் கையை விரித்துவிட்டது. ஸ்பைடர்மேனுக்கு மட்டும் சுமார் 1 கோடி டாலர் முன்பணம், பட வசூலில் 5 சதவீதம் மார்வெலுக்கு, பொம்மை, சட்டை, பை வருமானத்தில் ஆளுக்குப் பாதி என்று முடிந்தது. இன்று பார்த்துச் சிரிப்பது சுலபம். அன்றைக்கு அயர்ன்மேன் பெயரைச் சொன்னால் ஹாலிவுட்டில் யாரும் தலை நிமிர்ந்திருக்க மாட்டார்கள்.

தீபா, கோவை: என் பையன் பொம்மைப் பெட்டி பின்னாடி "மார்வெல்"னும் "சிபிஐஐ"னும் ரெண்டு பேர் போட்டிருக்கு. ரெண்டாவது யாரு?

கொலம்பியா பிக்சர்ஸ் இண்டஸ்ட்ரீஸ், அதாவது சோனி. நீங்கள் வாங்கியது படத்தை ஒட்டி வந்த பொம்மை. படத்தில் வரும் உடை, தோற்றம் ஆகியவற்றின் காப்புரிமையில் சோனிக்கும் இடமுண்டு, அதனால் பெயர் வருகிறது. காமிக்ஸ் தோற்றத்தில் இருக்கும் சாதாரண பொம்மையைத் திருப்பிப் பாருங்கள், மார்வெல் மட்டும்தான் இருக்கும். பெயர் இருப்பதால் காசும் போகிறது என்று நினைக்க வேண்டாம். அது அடுத்த பதிலில்.

திருவிழாக் கடையில் வாங்கும் ஸ்பைடர்மேன் பலூனில் இரண்டு பெயரும் இருக்காது. அதன் காசு பலூன்காரருக்கு மட்டும்தான்.

முருகானந்தம், தஞ்சாவூர்: பொம்மைக் காசு மொத்தமும் டிஸ்னிக்குன்னு சொல்றாங்க. சோனி அதை எப்படி விட்டுக்கொடுத்தது?

விற்றது. ஆரம்பத்தில் பாதிப் பாதி என்று சொன்னேன் அல்லவா? அந்தக் கூட்டுக் குடித்தனம் முதல் படத்திலிருந்தே சண்டைதான். 2003இல் மார்வெல் சோனி மேல் வழக்கே போட்டது, 2004இல் சமரசமானது. 2011இல் ஒரேயடியாக முடித்துக்கொண்டார்கள். சோனி தன் பொம்மைப் பங்கை மார்வெலிடம் கொடுத்தது. மார்வெல் பதிலுக்கு 17.5 கோடி டாலர் மொத்தமாகவும், இனி வரும் ஒவ்வொரு படத்துக்கும் 3.5 கோடி டாலர் வரையிலும் தர ஒப்புக்கொண்டது. படத்தில் தனக்கிருந்த பங்கையும் விட்டது. படம் உனக்கு, கடை எனக்கு.

இப்போது ஒரு கணக்குப் பாருங்கள். 2013இல் உலகம் முழுக்க ஸ்பைடர்மேன் பொருள்களின் சில்லறை விற்பனை சுமார் 130 கோடி டாலர் என்று ஹாலிவுட் ரிப்போர்ட்டர் பத்திரிகை எழுதியது. பேட்மேனுக்கு 50 கோடிகூட இல்லை. அதில் உரிமையாளருக்குக் கிடைப்பது ராயல்டி மட்டும்தான். இருந்தாலும் அது படம் வராத வருடத்திலும் வரும் காசு. 2013இல் ஸ்பைடர்மேன் படமே வரவில்லை! குழந்தை பிறந்த நாளுக்குப் படம் எப்போது ரிலீஸ் என்று பார்த்துவிட்டா பை வாங்குகிறார்கள்?

சோனியைத் திட்டுபவர்கள் உண்டு. என் கணக்கு வேறு. அன்று சோனிக்கு ரொக்கம் தேவைப்பட்டது. பொம்மையில் தனக்குப் பாதிதான், படம் முழுதும் தனக்கு என்றால் எவருக்கும் ஆசை வரும். தவறு விற்றதில் இல்லை, விலையில் இருக்கிறது.

அப்புறம் நடந்த எல்லாவற்றுக்கும் திறவுகோல் இந்த 2011 ஒப்பந்தம்தான். படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் டிஸ்னிக்கு ஸ்பைடர்மேன் பிரபலமாக இருக்க வேண்டும். படம் மோசமானால் சோனிக்கு வசூல் போகும், டிஸ்னிக்குக் கடையில் அடி விழும். ஆகவே நல்ல படமெடுக்கச் சோனிக்கு உதவ டிஸ்னிக்கே காரணம் இருக்கிறது.

ஜெனிஃபர், நாகர்கோவில்: அதனாலதான் 2015ல சேர்ந்தாங்களா?

பெரும்பாலும் அதனால்தான். 2014இல் வந்த படம் அதுவரை வந்த ஐந்தில் குறைந்த வசூல். அதே வருடக் கடைசியில் சோனியை ஹேக் செய்துவிட்டார்கள். மார்வெலோடு பேசிக்கொண்டிருந்த மின்னஞ்சல்கள் ஊருக்கே தெரிந்தன. 2015 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது: படத்துக்குக் காசு போடுவதும் வெளியிடுவதும் வசூலை எடுப்பதும் சோனி. கதையையும் தயாரிப்பையும் மார்வெலின் கெவின் ஃபைகி சோனிக்காரரான எமி பாஸ்கலோடு சேர்ந்து பார்ப்பார். பதிலுக்கு மார்வெல் தன் படங்களில் அவனை வரவழைத்துக்கொள்ளலாம். 2016இல் கேப்டன் அமெரிக்காவின் கேடயத்தைப் பிடுங்கிக்கொண்டு புது ஸ்பைடர்மேனாக டாம் ஹாலண்ட் வந்து நின்றாரே, அது இந்த ஒப்பந்தத்தின் முதல் அறுவடை.

கார்த்திக், சென்னை: 2019ல பிரிஞ்சுட்டாங்கன்னு ஒரு மாசம் ரகளையா இருந்துதே, என்ன நடந்தது?

அந்தக் கோடையில் வந்த படம் 113 கோடி டாலர் அள்ளியது. இவ்வளவுக்கும் உழைத்தது நாங்கள், படத்தில் எங்களுக்குச் சொற்பம்தானா என்று டிஸ்னிக்குத் தோன்றியது. செலவிலும் லாபத்திலும் பாதிப் பங்கு கேட்டார்கள் என்று ஆகஸ்டில் செய்தி வந்தது. பொம்மையும் உனக்கு, படத்திலும் பாதியா என்று சோனி எழுந்து போய்விட்டது.

ஹாலண்ட் டிஸ்னி தலைவர் பாப் ஐகருக்கு மின்னஞ்சல் அனுப்பினார். குடும்பத்தோடு ஊர் பப்பில் வினாடிவினா ஆடிக்கொண்டிருந்தபோது, மூன்று பீர் உள்ளே போன நிலையில், தெரியாத எண்ணிலிருந்து அழைப்பு வந்ததாகப் பின்னால் அவரே சொன்னார். பேசியது ஐகர். பையன் போனில் அழுதுவிட்டான் போல. செப்டம்பர் 27 அன்று மறுபடி கைகுலுக்கினார்கள். டிஸ்னி ஏறத்தாழ கால் பங்கு செலவு போடும், கால் பங்கு லாபம் எடுக்கும், பொம்மை எப்போதும் போல டிஸ்னிக்கு. கண்ணீரும் உதவியிருக்கலாம். ஆனால் இரண்டு பக்கமும் பிரிந்தால் நஷ்டம் என்பதுதான் பெரிய காரணம். 2021இல் வந்த அடுத்த படம் 190 கோடி டாலர்.

பாலாஜி, சேலம்: வெனம், மோர்பியஸ் எல்லாம் ஸ்பைடர்மேனே இல்லாம ஏன் வருது?

குத்தகையில் அவனோடு சேர்ந்த நூற்றுக்கணக்கான துணைப் பாத்திரங்களும் அடக்கம். தோப்பில் இருக்கும் முருங்கையையும் பறிக்கலாம் என்று சோனி கிளம்பியது. வெனம் காய்த்தது, மற்றது கசந்தது. 2018 அனிமேஷன் படம் மட்டும் விதிவிலக்கு, ஆஸ்கரே வாங்கியது. 2023இல் வந்த அதன் தொடர்ச்சியில் மும்பாட்டன் என்ற கற்பனை நகரத்துப் பையனான இந்திய ஸ்பைடர்மேன் பவித்ர் பிரபாகர் வந்தான். 2004இல் இந்தியக் கம்பெனி ஒன்றோடு சேர்ந்து உருவான பாத்திரம் அவன். அந்தப் படத்தைத் தமிழிலும் போட்டார்கள், நான் தமிழில்தான் பார்த்தேன்.

மீனா, புதுச்சேரி: பிளேஸ்டேஷன்ல மட்டும் ஸ்பைடர்மேன் கேம் வந்ததுக்கு சோனியோட பட உரிமைதான் காரணமா?

இல்லை. பிளேஸ்டேஷனும் சோனியுடையது, பெயர் ஒன்றாக இருப்பதால் வரும் குழப்பம். வீடியோ கேம் உரிமை மார்வெலிடம். 2018 கேமைச் சோனியின் கேம் பிரிவு மார்வெலிடம் தனியாக லைசென்ஸ் வாங்கி வெளியிட்டது. சினிமாப் பிரிவு குத்தகையை நாளைக்கே இழந்தாலும் அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

வின்சென்ட், தூத்துக்குடி: புளோரிடா டிஸ்னி வேர்ல்டுல ஸ்பைடர்மேனைத் தேடி அலைஞ்சேன், கிடைக்கலை!

பத்து மைல் தள்ளி யூனிவர்சல் பூங்காவுக்குப் போயிருக்க வேண்டும். 1994இல், டிஸ்னி வாங்குவதற்கு வெகுமுன்பே, மார்வெல் தன் தீம் பார்க் உரிமையை யூனிவர்சலுக்குக் கொடுத்துவிட்டது. மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே யூனிவர்சலில் இடம்பெற்ற பாத்திரங்களை டிஸ்னி தன் பூங்காவில் வைக்க முடியாது. சொந்த வீட்டுப் பிள்ளையைப் பார்க்க எதிராளி வீட்டுக்கு டிக்கெட் எடுக்கிற கதை. கலிபோர்னியா ஆற்றுக்கு மேற்கே இருப்பதால் 2021இல் அங்கே தனி சவாரி வைத்தார்கள்.

செல்வம், விருதுநகர்: சின்ன வயசுல லயன் காமிக்ஸ்ல படிச்ச ஸ்பைடரும் இவரும் ஒண்ணா? அதுக்கும் சோனிகிட்ட கேக்கணுமா?

சிவகாசிக்காரர்கள் கொண்டுவந்த நம் கூர்மண்டையனைச் சொல்கிறீர்கள்! அவன் பிரிட்டிஷ்காரன், 1965இல் அங்கே ஒரு வாரப் பத்திரிகையில் பிறந்தவன், மார்வெலோடு ஒட்டும் இல்லை உறவும் இல்லை. அவன் கதைகளில் பலவற்றைப் பின்னாளில் எழுதியவர் சூப்பர்மேனைப் படைத்த இருவரில் ஒருவரான ஜெரி சீகல். வலை வீசுவதைத் தவிர இரண்டு பேருக்கும் பொதுவாக எதுவுமில்லை.

அனிதா, திருச்சி: இந்த உரிமை எல்லாம் என்னைக்குத்தான் முடியும்?

படைத்தவர்களில் ஒருவரான ஸ்டீவ் டிட்கோவின் வாரிசு தரப்பு உரிமையைத் திரும்பக் கேட்டு 2021இல் நோட்டீஸ் விட்டது. டிஸ்னி வழக்குப் போட்டது, 2023இல் சமரசமானது. அதை விட்டால் காலம்தான். முதல் கதை 1962இல் வந்தது, அமெரிக்கச் சட்டப்படி 95 வருடம். 2058 ஜனவரி 1 அன்று அந்த முதல் கதையும் அதில் வரும் ஸ்பைடர்மேனும் பொதுச்சொத்து. யார் வேண்டுமானாலும் படமெடுக்கலாம், சோனியிடமோ டிஸ்னியிடமோ கேட்க வேண்டாம். அதற்குப் பிறகு வந்த வெனம், இன்னொரு ஸ்பைடர்மேனான மைல்ஸ் எல்லாம் அவரவர் வருடக் கணக்கில் பின்னால் வருவார்கள்.

ஆனால் "ஸ்பைடர்மேன்" என்று பெரிய எழுத்தில் போட்டு டிஃபன் பாக்ஸ் விற்கலாமா என்றால், அப்போதும் யோசித்துத்தான் இறங்க வேண்டும். காப்புரிமைக்கு வயது உண்டு. டிரேட்மார்க்கைப் பயன்படுத்தி, புதுப்பித்துக்கொண்டே இருந்தால் அதற்கு வயதே கிடையாது.